மடியில் வைத்த தண்ணீர்

காலை நல்லா நீட்டிக்குங்க தம்பி, பரவாயில்லை. என் கால் ரெண்டும் மரத்துப் போய் ரொம்ப நேரமாச்சு, நீங்க மிதிச்சாலும் எனக்குத் தெரியாது. கேன்ல மட்டும் இடிக்காமப் பாத்துக்குங்க. மூடி கொஞ்சம் லொடலொடன்னு இருக்குது.

ஆமாங்க, தண்ணிதான். வெறும் தண்ணி. பல்லடத்துல ஏறினப்பவே அந்தக் கண்டக்டர் ஆரம்பிச்சுட்டாரே, நீங்களும் பாத்தீங்கல்ல. "பெரியவரே, கேனுக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கோணும்"ங்கறாரு. தண்ணிக்கு லக்கேஜா? குடிக்கற தண்ணிக்கு லக்கேஜ் போட்ட கண்டக்டரை நான் இந்த வயசுல இப்பத்தான் பாக்கறேன். "கீழ வெச்சாத்தான லக்கேஜ், மடியில வெச்சா அது கைச்சாமான்"னு சொல்லி உக்காந்துட்டேன். மொறைச்சுட்டே முன்னாடி போயிட்டாரு. பத்து லிட்டர் கேனுங்க. தொடை ரெண்டும் போச்சு. இப்ப எறக்கி வெச்சா அந்த ஆள் ஓடி வந்துருவாரு, அங்க இருந்தே பாத்துட்டுத்தான் நிக்கறாரு பாருங்க. பொள்ளாச்சி வரைக்கும் இப்படியேதான். நான் எந்திரிச்சாத்தான் நீங்களும் வெளிய போக முடியும். அதனால ரெண்டு பேரும் பேசிட்டே போலாம். காதுல இருக்கறதை எடுத்துருங்க தம்பி, காதுக்குக் கெடுதி.

எம் பேரு வெள்ளியங்கிரி. தாராபுரம் ரோட்டுல இடிப்புச் சாமான்னு போர்டு பாத்திருப்பீங்க. பழைய வீட்டை வெலை பேசி வாங்கி, இடிச்சு, வாசக்கால் நிலவு, கதவு, ஜன்னல், இரும்புக் கர்டர்னு பிரிச்சு விக்கற தொழில். படிப்பெல்லாம் கெடையாதுங்க. செங்கல் சொமந்து, ஒதை வாங்கி, ஏமாந்து, ஏமாந்த எடத்துல எல்லாம் ஒண்ணொண்ணாக் கத்துக்கிட்டவன். வாங்கப் போற எடத்துல அது நமக்கு வேணும்னு காட்டிக்கவே கூடாது. பழைய வீடு பாக்கப் போறப்ப நான் கிழிஞ்ச சட்டைதான் போட்டுட்டுப் போவேன். பர்மாத் தேக்குல கதவு நிக்கும். அதை ஒரு தட்டுத் தட்டி, மூஞ்சியைச் சுளிச்சு, "என்னங்க இது, வெறகுக்குத்தான் ஆகும்"பேன். வீட்டுக்காரனுக்கே சந்தேகம் வந்துரும், நம்ம தாத்தன் வெறகுலதான் கதவு செஞ்சானோன்னு.

இன்னொண்ணு. எவனாவது சும்மா குடுத்தான்னா கையால தொடக்கூடாது. தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தரு, "இந்த நிலவை நீ சும்மாவே எடுத்துட்டுப் போப்பா, காசு வேண்டாம்"னாரு. மகராசன்னு நெனச்சுத் தலையில சொமந்துட்டு வந்தேன். உள்ளுக்குள்ள கரையான். சாமான் போட்டு வெக்கற யார்டுல இருந்த மரம் பூராவும் ஒரு மழைக்காலத்துல மாவாப் போச்சுங்க. அன்னையில இருந்து எனக்கு யாராவது சும்மா ஒரு டீ வாங்கிக் குடுத்தாக்கூட, கிளாஸுக்குள்ள எட்டிப் பாத்துட்டுத்தான் குடிப்பேன்.

தண்ணிக் கதையைக் கேட்டீங்கல்ல. கேக்கலையா? சரி, சொல்றேன்.

நாங்க புதுசா வீடு கட்டினது ஊருக்கு வெளிய. போர் போட்டோம். பாதாளம் வரைக்கும் போய்த்தான் தண்ணி வந்துச்சு. வந்த தண்ணி உப்புன்னா உப்பு, கல்லுத் தண்ணி. பக்கெட்டைக் கவுத்தி வெச்சா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். குளியலறைக் குழாயில அப்பளப்பூ மாதிரி வெள்ளை பூத்து நிக்கும். ஹீட்டர் வாங்கி வெச்சா காயில் வெடிச்சுரும். பருப்பு வேகாது. என் சம்சாரம் துளசி, கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்கூட மல்லுக்கட்டறவ, அவளே அந்தத் தண்ணியோட மல்லுக்கட்ட முடியாம விட்டுட்டா. "உங்க கொணமும் இந்தத் தண்ணியும் ஒண்ணுங்க, என்ன சோப்பு போட்டாலும் நுரை வராது"ம்பா. நான் சிரிச்சுக்குவேன். குளிச்சா ஒடம்பு சுத்தமாகுது, அப்பறம் என்ன?

அப்பத்தான் மகனுக்குக் கல்யாணம் ஆச்சு. மகன் தினகரன். மருமக கோகிலவாணி, ஆனைமலைப் பொண்ணு. ஆத்துத் தண்ணியில பொறந்து வளந்தவ. அந்தத் தண்ணியை நீங்க குடிச்சிருக்கீங்களா? சக்கரைங்க. வந்த மறுநாளே குளிச்சுட்டு வந்து, "அத்தே, தலையில ஷாம்பு அப்படியே நிக்குதுங்க, போகவே மாட்டேங்குது"ன்னா. அப்பறம் முடி கொட்ட ஆரம்பிச்சுது. சீப்புல ஒரு உருண்டை, தலகாணியில ஒரு உருண்டை. நல்ல கொணமான புள்ள, வாயைத் திறந்து குத்தம் சொல்ல மாட்டா. கொட்டின முடியை ஒரு கவர்ல போட்டு டிவிக்குப் பக்கத்துல வெச்சுருவா, அவ்வளவுதான். நியூஸ் பாக்கறப்பெல்லாம் அது என்னைப் பாத்துட்டே இருக்கும்.

மாசமா ஆன பொறவுதான் நேரா எங்கிட்ட வந்தா. "மாமா, எனக்குப் பரவாயில்லைங்க. கொழந்தை வந்தா இந்தத் தண்ணியில குளிக்க வெக்க முடியாதுங்க. ஏதாவது மிசின் போட்டுருங்க"ன்னா. சரின்னேன். பேத்தியோ பேரனோ, நம்ம வீட்டுக்கு மொதக் கொழந்தை இல்லீங்களா? பழைய தேக்குல ஒரு தொட்டில் எடுத்து வெச்சிருந்தேன், ஒரு ஜமீன் வீட்டை இடிச்சப்பக் கெடச்சது. எத்தனையோ பேரு வெலைக்குக் கேட்டும் குடுக்கலை. நான் குடுக்காத சாமான்னு என் யார்டுல அது ஒண்ணுதான்.

அப்பறம் என்ன, மிசின்காரனுக வரிசையா வந்தானுக. மொதல்ல ஒருத்தன் காந்தம் கொண்டு வந்தான். குழாயைச் சுத்தி அதை மாட்டிட்டா உப்பு பயந்து ஓடிருமாம். "காந்தத்துக்கு ஆணிதானடா ஒட்டும், உப்பு எப்படிடா ஒட்டும்"னேன். "ஒரு மாசம் சும்மா மாட்டிப் பாருங்க சார், காசே வேண்டாம்"னான். சும்மாங்கற வார்த்தை வந்ததும் கேட்டைத் தெறந்து வெளிய அனுப்பிட்டேன். இன்னொருத்தன் சின்னப் பொட்டி, ரெண்டு ஒயரு, பச்சை லைட்டு. லைட்டு எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். கரண்ட் இருந்தா எந்த லைட்டும்தான் எரியும். இன்னொருத்தன் ஷவருக்கு மாட்டற குப்பி கொண்டு வந்தான். ஆக, சிலிண்டர் வெக்கற மிசின்தான் சரிப்படும்னு தெரிஞ்சுபோச்சு. சிலிண்டருக்குள்ள மணல் மாதிரி மணி மணியா ஒரு சாமான் இருக்குதுங்க. தண்ணியில இருக்கற கல்லுத்தன்மையை அது புடிச்சு வெச்சுக்கும். புடிச்சுப் புடிச்சு நெறைஞ்சுட்டா, உப்புத் தண்ணி விட்டு அதைக் கழுவோணும், மறுபடியும் புடிக்க ஆரம்பிச்சுரும்.

இங்கதான் சூட்சுமம். அதே மிசின் போட்டிருக்கற எதிர்த்த வீட்டு மில்லுக்காரரு சொன்னாரு, "அவங்க மொதல்ல தண்ணியை டெஸ்ட் பண்ணுவாங்க. தண்ணி எவ்வளவு மோசமோ அவ்வளவு பெரிய சிலிண்டர். அதுக்கேத்த வெலை." கேட்டதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. பாருங்க தம்பி, நம்ம கஷ்டத்தை அளந்து பாத்து வெலை வெக்கறானுக! நான் எத்தனை வருசமாக் கிழிஞ்ச சட்டை போட்டுட்டுத் திரியறவன், எங்கிட்டயேவா?

என்ன பண்ணினேன்னா, அவங்க வர்ற அன்னைக்குக் காலையில டேங்கைக் காலி பண்ணி, போர் லைனை அடைச்சு, ஒரு லாரி ஆத்துத் தண்ணி வாங்கி மொட்டை மாடி டேங்கை ரொப்பிட்டேன். வெள்ளை பூத்த பக்கெட்டெல்லாம் யார்டுக்குப் போயாச்சு. பூத்துப்போன குழாயைக் கழட்டிட்டு, யார்டுல கெடந்த பித்தளைக் குழாயைப் புளி போட்டுத் தேச்சு மாட்டினேன். கோகிலா அப்ப மாடியிலதான் துணி காயப் போட்டுட்டு இருந்தா. டேங்குல ஓஸ் எறங்கறதைப் பாத்துட்டு, "என்னங் மாமா, லாரி வந்திருக்குது?"ன்னா. "டேங்கு கழுவறோம் அம்மிணி"ன்னேன். நம்பிட்டா. அவ வெள்ளந்தி.

கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. ரெஜினான்னு பேரு. ஸ்கூட்டரு, தோள்ல பை, பைக்குள்ள சின்னச் சின்ன பாட்டிலு. சமையல்கட்டுக் குழாயில தண்ணி புடிச்சு, அதுல ஒரு பொடியைப் போட்டுச்சு. தண்ணி செவப்பா மாறுச்சு. அப்பறம் வேறொரு மருந்தைச் சொட்டுச் சொட்டா விட்டுது. செவப்பு எப்ப நீலமா மாறுதோ அதுதான் கணக்கு. எத்தனை சொட்டு அதிகமோ அத்தனை மோசம். நம்ம தண்ணி நாலஞ்சு சொட்டுலயே நீலமாயிருச்சுங்க! அந்தப் பொண்ணு பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்துல பாக்குது, என்னையப் பாக்குது.

"சார், இந்த ஏரியாவுல இப்படி வராதே. போர் தண்ணிதானா?"

"எங்க எடத்து ராசி அம்மிணி"ன்னேன்.

"அப்படின்னா உங்களுக்கு மிசினே வேண்டாமே சார்."

அங்கதான் ஒரு நிமிசம் எனக்கு வேர்த்துப் போச்சு. சமாளிச்சுட்டேன். "வீட்டுல பொம்பளைக ஆசைப்படறாங்க, சின்னதா ஒண்ணு போட்டுருங்க"ன்னேன். இருக்கறதுலயே சின்ன சிலிண்டர். அதுலயும் பேசினேன் பாருங்க பேச்சு. ஸ்டேண்டுக்குத் தனி வெலைன்னுச்சு, "நிக்காத மிசினையா விக்கறீங்க?"ன்னேன். மாட்டற கூலின்னுச்சு, "மாட்டாம நான் மடியில வெச்சுட்டா குளிக்கறது?"ன்னேன். அந்தப் பொண்ணு மேனேஜருக்குப் போன் போட்டுப் போட்டு, கடைசியில அழுகாத கொறை. மில்லுக்காரரு குடுத்ததுல பாதி கூட இல்ல தம்பி. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கின தூக்கம், அப்படி ஒரு தூக்கம்.

எங்க விட்டேன்? ஆங், மறுநாளே மிசின் வந்துச்சு. மாட்டின புதுசுல அருமையான தண்ணி. சோப்பைத் தொட்டா நுரை. துளசியே, "ஏனுங்க, உங்களை என்னமோன்னு நெனச்சேன்"னா. கோகிலாவுக்கு வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போறப்ப, "மிசின் நல்லா வேலை செய்யுதுங் மாமா"ன்னு சிரிச்சுட்டே போனா. அந்த வாரமே டேங்குல இருந்த லாரித் தண்ணி தீந்து, போர் தண்ணி ஏற ஆரம்பிச்சுது. ஏறின ரெண்டாம் நாள் பக்கெட்டுல வெள்ளை. மிசினைக் கழுவினோம். ஒரு நாள் நல்லா வந்துச்சு, மறுபடியும் வெள்ளை. மறுபடியும் கழுவினோம். உப்பு மூட்டை மூட்டையாப் போச்சு. பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட மோசடி! வித்தது சொத்தை மிசினுங்க. சத்தியமா சொத்தை. இல்லாட்டி எப்படி ரெண்டே நாள்ல திணறும்?

என்னங்க தம்பி, ஏன் அப்படிப் பாக்கறீங்க?

பேத்தி பொறந்தா. ஒத்தப்படை மாசத்துலதான் கூட்டிட்டு வர்றது எங்க வழக்கம். மூணாம் மாசம் சீரோட வந்தாங்க. தொட்டில்ல போட்டோம். அந்தப் பாப்பா என் விரலைப் புடிச்சுட்டு விடவே மாட்டேன்னுச்சு. நானும் கையை இழுக்கவே இல்லை, அப்படியே தொட்டில் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஒரு வாரம் ஆகலை. ஒடம்பெல்லாம் செதில் செதிலா, செவப்புச் செவப்பா. சொறிஞ்சு சொறிஞ்சு அழுகுது. டாக்டரு, "குளிக்க வெக்கற தண்ணியை மாத்துங்க"ன்னாரு. கோகிலா தொட்டில்ல இருந்து பாப்பாவைத் தூக்கினா. பையை எடுத்து வெச்சா. மகன் காரைக் கூப்பிட்டான். தொட்டில் அப்படியே இருக்குது. துளசி அதுல தொவச்ச துணியை மடிச்சு வெச்சுக்கறா இப்ப.

அஞ்சாம் மாசமும் போச்சு. தினகரனும் இப்ப ஆனைமலையிலயேதான். நான் மருமகளைக் கொண்டு வந்தேனா, மகனைக் குடுத்து அனுப்பினேனான்னே தெரியலை.

கம்பெனிக்காரனை விட்டேனா? விடலீங்க. ஆபீசுக்கே போய்க் கத்தினேன். "ஏமாத்துக்காரனுகளா, காசைத் திருப்பிக் குடுங்கடா"ன்னேன். அந்த ரெஜினாப் பொண்ணு எந்திரிச்சு நின்னு, "சார், வீட்டுக்கு வந்து தண்ணியை இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணிடறோம். இலவசமா. சிலிண்டர் பத்தலைன்னா, இதை எடுத்துட்டுப் பெருசு குடுக்கறோம், வித்தியாசம் மட்டும் கட்டினாப் போதும்"ன்னுச்சு. இலவசமாம்! எனக்குத் தெரியாதா? "ஒரு தடவை டெஸ்ட் பண்ணியாச்சுல்ல, மறுபடி எதுக்கு? யாரும் என் வீட்டுப் படி ஏறக்கூடாது"ன்னுட்டு வந்துட்டேன். வந்து டெஸ்ட் பண்ணினா என்ன ஆகும்? பெரிய மிசின் வாங்குன்னு சொல்லுவானுக. அதுக்கா அன்னைக்கு ஒரு லாரி தண்ணி வாங்கி ஊத்தினேன்?

துளசி சொல்றா, "போய் உண்மையைச் சொல்லிருங்க"ன்னு. எந்த உண்மையை? நான் யாரையும் ஏமாத்தலீங்களே. பேரம் பேசினேன். அது வேற, இது வேற. நாளைக்குப் பல்லடத்துல, வெள்ளியங்கிரி தண்ணியை மாத்தி வெச்சு மிசின் வாங்கினான்னு ஒருத்தன் சொன்னாப் போதும், அப்பறம் எவன் எங்கிட்ட வந்து பழைய வீட்டுக்கு வெலை பேசுவான்? ராவும் பகலும் இதேதானுங்க ஓடுது. இந்தப் பக்கம் போனா கம்பெனிக்காரன், அந்தப் பக்கம் போனா சம்பந்தி வீடு, நடுவுல அந்தத் தொட்டில். குளிக்கப் போனா அந்தத் தண்ணி வேற, மேல எரியுது.

இப்ப ஏழாம் மாசம். இதை விட்டா அப்பறம் ஒம்பதுதான். போன வாரம் கோகிலாவே போன் பண்ணினா. "மாமா, மிசின் சரியாயிருச்சுன்னு அவரு சொன்னாருங்க. நம்ம வீட்டுக் குழாயில ஒரு கேன் புடிச்சுட்டு வாங்க. அதுலயே பாப்பாவைக் குளிக்க வெச்சுப் பாக்கறோம். ஒத்துக்கிச்சுன்னா நாளைக் குறிச்சரலாம்"ன்னா. சரியாயிருச்சுன்னு மகன்கிட்டப் போன்ல சொன்னது நான்தான். வேற என்னத்தச் சொல்றது?

அதான் இந்தக் கேன்.

மெதுவாச் சொல்றேன், காதைக் குடுங்க. இது லாரித் தண்ணி. நேத்துத்தான் வாங்கினேன். இதுல தப்பென்ன இருக்குது? நல்ல மிசினா இருந்திருந்தா எப்படித் தண்ணி வந்திருக்குமோ, அதைத்தான கொண்டு போறேன்? கடைக்காரன் துணியில ஒரு துண்டு வெட்டிக் காமிக்கறதில்லையா, அது மாதிரி. பாப்பா வீட்டுக்கு வந்துட்டாப் பொறவு பாத்துக்கலாம். வண்டியில ஏத்தி எறக்கின சாமானை எவனும் லேசுல திருப்பி ஏத்த மாட்டான், என் அனுபவம் அது. போன தடவை ஏத்தினாங்கதான். அது வேற.

அட, ஏன் வண்டி ஓரங்கட்டறாரு? சுல்தான்பேட்டை தாண்டி ஸ்டாப்பே இல்லையே. என்ன பொகை அது? ரேடியேட்டர் கொதிச்சிருச்சா? போச்சு. இதுக்குத்தான் அரதப்பழசு வண்டியில ஏறக்கூடாதுங்கறது. இந்த வண்டியைப் பிரிச்சு வித்தாக்கூட எடைக்குத்தான் போகும்.

என்ன கண்டக்டரே, ஏன் எம்பக்கமே வர்றீங்க? லக்கேஜ் கதைதான் முடிஞ்சுபோச்சே.

கேனா? இந்தக் கேனா? இதைக் குடுக்க முடியாதுங்க. அதா, அந்தத் தென்னந்தோப்புல மோட்டார் ஓடுதே, அதுல புடிச்சு ஊத்துங்க. உப்புத் தண்ணி ஊத்தினா ரேடியேட்டர் அடைச்சுக்குமா? சரிங்க, இதுவும் உப்புத் தண்ணிதான். போர் தண்ணி. எங்க வீட்டு போர். ஊத்தினீங்கன்னா உங்க எஞ்சினே கல்லாப் போயிரும், நான் சொல்லிட்டேன். ஏங்க, ஏங்க, மூடியை விடுங்க! குடிச்சுப் பாக்கறாரு பாருங்க தம்பி, அடுத்தவன் தண்ணியை, ஒரு கேள்வி இல்லாம.

ஆமாங்க, நல்ல தண்ணியாத்தான் இருக்கட்டும். அதுக்கு? யாரது பின்னாடி, "பெருசு, செத்தா தலையில ஊத்திக்கவா வெச்சிருக்கே"ங்கறது? எந்திரிச்சு முன்னாடி வந்து பேசுங்க! என்னால எந்திரிக்க முடியலை, கால் மரத்துப் போச்சு, அந்தத் தைரியத்துல பேசறீங்க. அம்மிணி, நீங்களும் சேந்துட்டீங்களா? உங்க கொழந்தை வெயில்ல அழுகுதுன்னா அதுக்கு நான் என்ன... சரி. சரிங்க. கொழந்தையைக் காமிச்சுப் பேசாதீங்க. பாதி எடுத்துக்குங்க. பாதிக்கு மேல ஒரு சொட்டு எடுக்கக்கூடாது. கண்டக்டரே, பாதி! டிரைவரே, பாதின்னு சொல்லுங்க அவருகிட்ட! தம்பி, நீங்க எட்டிப் பாருங்க, பாதியில நிறுத்தறாரா?

பூராவுமா?

கவுத்தி ஒதறினாரா?

தொடை ரெண்டும் இப்பத்தான் குறுகுறுன்னு வருது. பாத்தீங்களா தம்பி, ஒரு பஸ்ஸே என் தண்ணியில ஓடப் போகுது, ஒருத்தன் ஒரு நன்றி சொல்லலை.

அதா வர்றாரு. என்ன, சிரிச்சுட்டே வர்றீங்க? கேன் கனமா இருக்குதே. தோப்புல புடிச்சு ரொப்பிட்டீங்களா? கேனுக்குக் கேன் சரியாப் போச்சாம். லக்கேஜும் வேண்டாமாம். ஏனுங்க, ஆத்துத் தண்ணிக்கு போர் தண்ணி எப்படிங்க சரியாகும்? தேக்கை எடுத்துட்டு வேப்பங்கட்டையைக் குடுத்துட்டுச் சரியாப் போச்சுன்னா... போயிட்டாரு. விசில் வேற.

இருங்க, ஒரு வாய் குடிச்சுப் பாக்கறேன்.

தூ. எங்க வீட்டுத் தண்ணியேதான் தம்பி. அச்சு அசல். அதே வாடை, நாக்குல அதே கரகரப்பு.

என் போனா அடிக்குது? கொஞ்சம் சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுங்க, கேனை விட முடியலை. அலோ. சொல்லு அம்மிணி. வந்துட்டே இருக்கறேன் சாமி. ஆமா, கேன் மடியிலயேதான் இருக்குது. ஆரு? ஆரு வர்றது? அவ எதுக்கு? இல்ல இல்ல, வரட்டும், நல்லதுதான். பாப்பா தூங்கலையா? எங்க, காதுல வெய்யி. பாப்பா... பாப்பா, தாத்தா பேசறேன். ஆங். ஆங். சரி அம்மிணி. இல்லையில்ல, லாரித் தண்ணி எதுக்கு நான் கொண்டு வரப் போறேன், நல்லாக் கேட்டே போ. வெச்சர்றேன்.

கேட்டீங்களா? அந்த ரெஜினாப் பொண்ணை ஆனைமலைக்கே வரச் சொல்லியிருக்கறாளாம். பொள்ளாச்சிக் கிளைக்கு மாத்தல் ஆயிருச்சாம் அதுக்கு. "அவங்க மருந்து விட்டுப் பாத்துட்டா நம்மளுக்கும் ஒரு நிம்மதி மாமா"ங்கறா. கடைசியில, "மாமா, நம்ம போர் தண்ணிதானுங்களே? லாரித் தண்ணி இல்லீங்களே?"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கறா. அவளுக்கு எங்க இருந்து வந்துச்சு லாரி நெனப்பு? வெள்ளந்திப் புள்ள, வாயில வந்ததைப் பேசும்.

யோசனை பண்ணிப் பாருங்க தம்பி. இந்தத் தண்ணியில அந்தப் பொண்ணு மருந்து விட்டா, அந்தச் செவப்பு இந்த ஜென்மத்துல மாறாது. விட்டுட்டே இருக்கும், விட்டுட்டே இருக்கும், பாட்டில் தீந்துரும். "சார், இது மிசின் தண்ணியே இல்லை, பச்சைப் போர் தண்ணி. அன்னைக்கு எனக்கு வேற தண்ணியைக் காமிச்சீங்களா?"ன்னு சம்பந்தி வீட்டு நடுக்கூடத்துல கேக்கும். சம்பந்தி பாப்பாரு. மகன் பாப்பான். கோகிலா பாப்பா. அப்பறம் என்ன, பெரிய சிலிண்டர்தான். முழு வெலை! பாப்பா வரும், வராம என்ன, நல்ல தண்ணி வந்தா வந்துதான ஆகோணும். ஆனா முழு வெலை தம்பி! என் பேரு என்ன ஆகறது?

ஜன்னல் வழியா ஊத்திரலாம். ஊத்திட்டு, வழியில கவுந்துருச்சுன்னு சொல்லலாம். சொன்னா, அடுத்த வாரம் இன்னொரு கேன் கொண்டு வாங்கன்னுவா. ஏழாம் மாசம் அதுக்குள்ள முடிஞ்சுரும். ஸ்டேண்டுல எறங்கி ஒரு பாட்டில் தண்ணி வாங்கி ஊத்தலாம்னா, தினகரன் கார் எடுத்துட்டு வந்து நிக்கறானாம். எறங்கற படியிலயே நிப்பான், அவன் அப்படித்தான்.

தம்பி.

உங்க பைக்குள்ள ஒரு பாட்டில் இருக்குதுல்ல? அப்பவே பாத்தேன். கண்டக்டர் வந்தப்ப நீங்க எடுக்கலை, கெட்டிக்காரர் நீங்க. நல்ல தண்ணிதானுங்களே? மருந்து விட்டுப் பாக்க ஒரு லிட்டர் போதும். கேனைக் கொட்டிட்டு இதை ஊத்திக்குவேன், வழியில சிந்தினது போக மீதின்னு சொல்லிக்கலாம். என்ன வெலை சொல்றீங்க?

வெலை வேண்டாமா?

சும்மாவா?

எதுக்குங்க சும்மா குடுக்கறீங்க? என்னைய உங்களுக்கு முன்னப் பின்னத் தெரியாது. பல்லடத்துல இருந்து பேசிட்டே வர்றேன், ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை நீங்க. இப்ப, "எடுத்துக்குங்க பெரியவரே"ங்கறீங்க. மூடியைத் தெறந்த பாட்டிலா, தெறக்காததா? பாதி குடிச்சதா? எந்த ஊர்ல புடிச்சது? ஒரு வெலை சொல்லுங்க தம்பி, நான் கொறைச்சுக் கேக்கறேன், நீங்க கொஞ்சம் ஏத்துங்க, முடிச்சுக்கலாம். நாலு காசு குடுத்து வாங்கினா அது என் தண்ணி. சும்மா வாங்கினா அதுக்குள்ள என்ன இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்த நிலவும் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு.

மாட்டீங்களா? தண்ணிக்கெல்லாம் காசு வாங்க மாட்டீங்களா?

அப்ப வேண்டாங்க. உள்ள வெச்சுக்குங்க. நீங்க நல்லவரா இருக்கலாம், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா எனக்கு அது பழக்கமில்லை.

ஸ்டேண்டு வந்துருச்சு. அதா, அந்தக் கம்பத்துக்குப் பக்கத்துல நீலச் சட்டை. சொன்னேன்ல, படியிலயே நிப்பான்னு. கையில என்னது? பாப்பாவையும் தூக்கிட்டு வந்திருக்கறான், இந்த வெயில்ல, அறிவில்லாதவன். குல்லா போட்டிருக்குதா? இல்லையே. முடிங்க தம்பி! பாருங்களேன், எத்தனை முடி! போறப்ப மொட்டையாப் போச்சு. தோலைப் பாருங்க, எப்படி மினுங்குது, இங்கிருந்தே தெரியுது. ஆனைமலைத் தண்ணி.

வண்டி நின்னுருச்சு. கொஞ்சம் கையைக் குடுங்க, கால் இன்னும் நெலத்துல படலை. இந்தக் கேனை நீங்க புடிச்சுக்குங்க, நான் எறங்கிட்டு வாங்கிக்கறேன். ரெண்டு கையாலயும் புடிங்க.

மூடியை அமுக்கிப் புடிங்க தம்பி. ஒரு சொட்டுக் கூடச் சிந்தக் கூடாது.